32 பிட்டா, 64 பிட்டா? வீட்டுக் கணினிக்கு சிஸ்டம் மாற்றும் முன் வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடி அறையில் கணினி பழுது பார்க்கிறேன். காட்பாடி, பாகாயம், தொரப்பாடியிலிருந்து வண்டியில் வைத்துக்கொண்டும், குடியாத்தம், ராணிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறியும் சிபியுவைத் தூக்கி வருகிறார்கள். பாதிப் பேர் வாசலிலேயே சொல்வது, “64 பிட் போட்டுக் கொடுங்க சார்.” எதற்கு என்று கேட்டால், “எல்லாரும் அதானே போடுறாங்க” என்பார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துப்போனவற்றை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில், இந்த பிட் கணக்கு என்ன?

ராம் என்பது கணினி வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். அதை நீளமான ஒரு தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பைட்டும் ஒரு வீடு. வீட்டுக்கு ஒரு கதவு எண். 32 பிட் சிஸ்டத்தில், அதாவது விண்டோஸ் மாதிரி கணினியை நடத்தும் மென்பொருளில், அந்தக் கதவு எண்ணை 32 இலக்கத்துக்குள் எழுதியாக வேண்டும், அதுவும் 0, 1 என்ற இரண்டே எழுத்தை வைத்து. எப்படி மாற்றி மாற்றி எழுதினாலும் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் எண்கள்தான் வரும். இதைத்தான் 4 ஜிபி என்கிறோம். அதற்கு மேல் ராம் வாங்கிச் செருகினாலும் வீடு இருக்கும், கதவு எண் இருக்காது. தபால்காரர் போக மாட்டார். 64 பிட்டில் இந்தத் தொல்லை இல்லை.

4 ஜிபி ராம் வாங்கிப் போட்டேன். 3.25 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. பாவம், அவரைத் திட்டாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்றவற்றுக்கும் அதே தெருவில் கதவு எண் கொடுக்க வேண்டும். அவை கடைசி எண்களை எடுத்துக்கொள்ள, அந்த அளவுக்கு ராம் எண் இல்லாமல் நிற்கிறது. 64 பிட் போட்டால் பெரும்பாலும் முழு 4 ஜிபியும் தெரியும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். உங்கள் மதர்போர்டு இன்டெல் 945 சிப்செட் வகை என்றால் 64 பிட் போட்ட பிறகும் 3.2 பக்கத்தில்தான் காட்டும். ராமின் அந்தப் பகுதியை மேலே நகர்த்தி வைக்கும் வசதியே அந்தப் போர்டில் கிடையாது. ராமுக்காக மட்டும் சிஸ்டம் மாற்ற நினைப்பவர்கள் முதலில் போர்டின் பெயரைப் பாருங்கள்.

என் கணினி 64 பிட் தாங்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?

‘திஸ் பிசி’ மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’ போங்கள். விண்டோஸ் 10 என்றால் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் இரண்டு சேதி இருக்கும். முன்பாதி உங்கள் விண்டோஸ் எத்தனை பிட் என்பது. பின்பாதி பிராசசர் எத்தனை பிட் என்பது. முன்னே 32, பின்னே ‘எக்ஸ்64’ என்று இருந்தால் இயந்திரம் தயார், சிஸ்டம்தான் பழசு. என்னிடம் வரும் 32 பிட் கணினிகளில் பெரும்பாலானவை இந்த ரகம். வாங்கிய நாளிலிருந்து பாதி பலத்தில் ஓடிக்கொண்டிருக்கும், சொந்தக்காரருக்குத் தெரியாது.

பொதுக்கணக்கு வேண்டுமென்றால்: வீட்டுக் கணினிக்கு 64 பிட்டை 2003-இல் ஏஎம்டியின் அத்லான் 64 கொண்டுவந்தது. இன்டெல் அடுத்த வருடம் பின்னாலேயே வந்தது. 2006-இல் வந்த கோர் 2 டுவோவும் அதற்குப் பிறகு வந்த ஐ3, ஐ5 எல்லாமும் 64 பிட்தான். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஏமாறக் கூடாதது ‘கோர் டுவோ’. நடுவில் 2 இல்லாத அது 32 பிட். சின்ன நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270-உம் 32 பிட்.

இன்னொரு வில்லங்கம் உண்டு. 2013, 2014 வாக்கில் வந்த மலிவான ஆட்டம் டேப்லட்டுகள் சிலவற்றில் பிராசசர் 64 பிட், ஆனால் அதை எழுப்பிவிடும் யுஇஎஃப்ஐ 32 பிட். 64 பிட் சிஸ்டம் உள்ள பென் டிரைவைச் செருகினால் கண்டுகொள்ளவே கொள்ளாது. அதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் பார்த்தவுடன் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ராம் 2 ஜிபிதான் இருக்கிறது. 64 பிட் போடலாமா?

வேண்டாம். ஏறும், ஆனால் திணறும். கதவு எண் நீளமானால் அதை எழுதி வைக்கும் இடமும் இரட்டிக்கும்: 4 பைட் பிடித்த எண் 8 பைட் பிடிக்கும். அதனால் அதே வேலைக்கு 64 பிட் சிஸ்டம் கொஞ்சம் கூடுதல் ராம் தின்னும். விண்டோஸ் 10-க்குக் குறைந்தபட்சம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னதே 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. அந்தக் குறைந்தபட்சத்தில் ஒரு பிரவுசரைத் திறந்து பாருங்கள், டீ குடித்துவிட்டு வரலாம்.

என் கணக்கு எளிது. 4 ஜிபி இருந்தால் 64 பிட். இல்லையென்றால் முதலில் ராம் வாங்குங்கள், பிறகு பேசுவோம். பழைய டிடிஆர்2, டிடிஆர்3 ராம் இங்கே கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வந்துவிடலாம். போகும்போது பழைய ராமைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். வாயால் சொல்லி வாங்கினால் ராமின் விளிம்பிலிருக்கும் வெட்டு மாறிப்போகும், செருக முடியாது.

64 பிட் போட்டால் வேகம் கூடுமா?

எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான். வீடியோ வெட்டி ஒட்டுவது, பெரிய ஃபைலைச் சுருக்குவது போன்ற வேலைகளில் வித்தியாசம் தெரியும். 64 பிட் முறையில் பிராசசரின் கைக்கெட்டும் தூரத்தில் எண்களைக் குறித்து வைக்க 8-க்குப் பதில் 16 பதிவேடுகள் இருக்கும். அடிக்கடி ராமுக்கு ஓட வேண்டியதில்லை. மற்றபடி மெயில் பார்க்க, யூடியூப் பார்க்க, மின் கட்டணம் கட்ட என்றால் பிட் மாற்றியதால் மட்டும் ஒன்றும் பறக்காது.

பறக்க வைப்பது எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டும், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு. கொசப்பேட்டையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் கோர் 2 டுவோ கணினி கொண்டுவந்தார். ஆன் செய்துவிட்டுப் பல் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால்தான் திரை தயாராக இருக்குமாம். மூடியைத் திறந்தால் ஃபேனில் தூசி திரி திரியாகத் தொங்கியது. தூசி தட்டி, பிராசசர் மேல் காய்ந்து பொரிந்துபோன பேஸ்டைச் சுரண்டிப் புதிதாக வைத்து, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, அதில் 64 பிட் ஏற்றினேன். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டது. “64 பிட்டோட மகிமையே மகிமை” என்றார். மகிமை எஸ்எஸ்டிக்கும் தூசி துடைத்த துணிக்கும் உரியது என்று எவ்வளவோ சொன்னேன், அவர் நம்பவில்லை.

ஆகவே காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். அடுத்தது ராம். பிட் மாற்ற எப்படியும் காசு ஆகாது.

சரி, எந்த சிஸ்டம் போடுவது?

விண்டோஸ் 7 வேண்டாம். அதன் பாதுகாப்புப் புதுப்பித்தல் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றது. குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ‘எனக்கு 7 தான் பழக்கம்’ என்று இன்னும் வருகிறார்கள். நெட் இணைப்பே இல்லாத கணினி என்றால் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் புதுப்பித்தலுக்குப் பதிவு செய்துகொள்ள வழி வைத்தார்கள். 32, 64 என்று இரண்டும் வந்த கடைசி விண்டோஸ் இதுதான். 2021-இல் வந்த விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். அதில் தேர்வே கிடையாது.

11 உங்கள் கணினியில் ஏறுமா என்பது வேறு கதை. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை பிராசசர் என்று கேட்கும். கேட்காமல் ஏமாற்றி ஏற்றும் வழிகள் இருக்கின்றன, பலர் செய்கிறார்கள். என் கணினியில் செய்வேன், உங்கள் கணினியில் செய்ய மாட்டேன். நாளைக்கு ஒரு அப்டேட் மறுத்தால் நீங்கள் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். கோர் 2 டுவோவில் அந்தக் குறுக்கு வழியும் செல்லாது. 24எச்2 பதிப்பு முதல் அந்தப் பிராசசரில் இல்லாத கட்டளைகளை 11 கேட்கிறது.

அப்படிப்பட்ட பழைய இயந்திரங்களுக்கு நான் போடுவது லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையோடு. 2024-இல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை புதுப்பித்தல் உண்டு. பிரவுசர், வீடியோ, கடிதம் அடிப்பது எல்லாம் நடக்கும். டேலி, ஃபோட்டோஷாப் வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 32 பிட் மட்டுமே தாங்கும் கணினிக்கு லினக்ஸிலும் வாசல் மூடிக்கொண்டே வருகிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2017-லேயே 32 பிட் டெஸ்க்டாப்பை விட்டது. டெபியன் என்ற இன்னொரு வகையில், 32 பிட் கணினியில் நேராக நிறுவ முடிந்த கடைசிப் பதிப்பு 2023-இல் வந்த 12.

பிள்ளைக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் கிடக்கிறது. அதற்கு?

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை வருடத்துக்கு வருடம் வேறு வேறு மாடல். பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. உங்களுடையதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று இருந்தால் அது 32 பிட்டில் மட்டுமே வந்த பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் ராமையும் ஏற்காது. அதைப் பார்த்து இயந்திரமே அவ்வளவுதான் என்று முடிவு கட்டாதீர்கள். பிராசசர் வரியைப் பாருங்கள், ராம் ஏற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மட்டும் அநேகமாகச் செத்திருக்கும்.

இருக்கும் 32 பிட் விண்டோஸ் மேலேயே 64 பிட்டை ஏற்றிவிட முடியாதா?

முடியாது. சி டிரைவை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் கீ புதிதாக வாங்க வேண்டாம். விண்டோஸ் 10 ஹோம் 32 பிட் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதே கணினியில் ஹோம் 64 பிட் போட்டு நெட் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். ஹோமுக்கு ஹோம், ப்ரோவுக்கு ப்ரோ. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

அழிப்பதற்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

‘ஒண்ணும் முக்கியமில்ல, எல்லாம் டி டிரைவ்ல இருக்கு’ என்று சொல்லாதவர் இல்லை. டெஸ்க்டாப்பில் இருப்பது, டவுன்லோட்ஸில் இருப்பது, மை டாக்குமென்ட்ஸில் இருப்பது எல்லாம் சி டிரைவ்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் பேச்சை நம்பி ஃபார்மட் செய்தேன். அவர் பெண்ணின் மஞ்சள் நீராட்டுப் படங்கள் டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற பெயரில் இருந்திருக்கின்றன. மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓட்டி முக்கால்வாசியை எடுத்துக் கொடுத்தேன். அந்த வீட்டம்மா இப்போதும் மார்க்கெட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் சி டிரைவிலிருக்கும் பயனர் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

ஆட்கள் மறப்பது இன்னும் மூன்று: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டேலி டேட்டா ஃபோல்டர், அப்புறம் பாமினி, வானவில் மாதிரிப் பழைய தமிழ் எழுத்துருக்கள். கடைசியாகச் சொன்னது போய்விட்டால் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறக்கும்போது ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும்.

என் பிரிண்டரும் பழைய கணக்கு சாஃப்ட்வேரும் 64 பிட்டில் ஓடுமா?

சிஸ்டம் மாற்றிய பிறகு சண்டை வருவதெல்லாம் இந்த இடத்தில்தான். சாதாரண 32 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் நன்றாக ஓடும். டிரைவர், அதாவது ஒரு கருவியைச் சிஸ்டத்தோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள், ஓடாது. பிரிண்டர், ஸ்கேனர், ஜிஎஸ்டிக்கு வைக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், எதுவானாலும் 64 பிட்டுக்கென்று தனியாக எழுதிய டிரைவர் வேண்டும். கம்பெனி எழுதவில்லை என்றால் பொருள் கல்தான்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருளும் ஓடாது. அவற்றை ஓட்டப் பயன்பட்ட வி86 என்ற வசதி, பிராசசர் 64 பிட் முறைக்குப் போனதும் கிடைக்காமல் போகிறது. எனவே டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றை வைத்து ஒரு பொய் டாஸ் உலகத்தை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் வந்தார். கணக்கு முழுவதும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் யாரோ எழுதிக் கொடுத்தது, பில் அடிப்பது டாட் மேட்ரிக்ஸில். மகன் வீடியோ எடிட்டிங் கற்கிறான் என்று 64 பிட் கேட்டார். போட்டுப் பார்த்தேன். மகன் பக்கம் எல்லாம் சரி. கணக்கைத் திறந்தால் ‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’. அவர் வைத்திருந்த ஸ்கேனருக்கும் டிரைவர் கிடைக்கவில்லை. நம் ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். அந்த வரிசையில் டிரைவர் இல்லாத ஸ்கேனரையும் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டைக் கோயிலுக்காவது 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். இந்த ஸ்கேனருக்கு டிரைவர் வரவேயில்லை.

கடைசியில் பழைய ஹார்ட் டிஸ்கை 32 பிட்டோடு அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு எஸ்எஸ்டி மாட்டி அதில் 64 பிட் போட்டேன். ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்வார்கள். பகலில் அப்பா, ராத்திரி மகன். அப்பா பக்கத்துக்கு நெட் கொடுக்கவில்லை. கணக்குக்கு நெட் எதற்கு?

நானே போட்டுக்கொள்ள முடியுமா?

தாராளமாக. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்குங்கள். விண்டோஸ் 10-க்கான டூலை 32 பிட் கணினியில் ஓட்டினால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ‘இந்தக் கணினிக்குப் பரிந்துரைக்கப்பட்டதைப் பயன்படுத்து’ என்று ஒரு டிக் தானாகவே விழுந்திருக்கும். அதை எடுக்காமல் போனால் மறுபடி 32 பிட்டையே இறக்கித் தரும். டிக்கை எடுத்துவிட்டு 64 என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். போனில் அழைப்பவர்களில் பலர் வழுக்குவது இங்கேதான்.

அடுத்து, லேன் அல்லது வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கி அதே பென் டிரைவில் போட்டு வையுங்கள். நெட் டிரைவர் இல்லாமல் நெட்டிலிருந்து நெட் டிரைவரை எப்படி இறக்குவீர்கள்?

பிறகு பென் டிரைவைச் செருகியபடி கணினியை மறுபடி ஆன் செய்யுங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும். ஓடிக்கொண்டிருக்கும் 32 பிட் விண்டோஸுக்குள்ளிருந்து செட்டப்பைக் கிளிக் செய்தால் நடக்காது. ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்தால் டிஸ்கின் பகுதிகள் வரிசையாக வரும். அங்கே சி, டி என்று எழுத்து இருக்காது. எது எத்தனை ஜிபி என்று முன்னமே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் தப்பித்தீர்கள். சி இருந்த பகுதியை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள்.

எம்பிஆர், ஜிபிடி என்று சொல்லி நிறுவ மறுத்தால் பதற வேண்டாம். டிஸ்க் ஒரு முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது, பென் டிரைவ் வேறு முறையில் எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்ப எஃப்12 போய் அதே பென் டிரைவின் இன்னொரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வரியில் ‘யுஇஎஃப்ஐ’ என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

நேரம் காலமும் முக்கியம். கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு வேலூரில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தூசி அடைத்த சிபியு சூடேறி நடுவழியில் அணைந்துவிடும், இல்லையென்றால் கரண்ட் போகும். விடியற்காலை உத்தமம். யுபிஎஸ் இல்லாத வீடென்றால் மடிக்கணினியை முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு, சார்ஜரையும் கழற்றாமல் செய்யுங்கள்.

‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ இரண்டு வந்திருக்கிறது. ஒன்றை அழித்துவிடலாமா?

ஐயோ, வேண்டாம். எக்ஸ்86 என்று ஒட்டியிருப்பது 32 பிட் மென்பொருளுக்கு, மற்றது 64 பிட்டுக்கு. இரண்டும் வேண்டும்.

தமிழ் தட்டச்சு?

பயப்பட வேண்டாம். யூனிகோடில் அடிப்பவருக்கு ஒன்றும் மாறாது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். மின்டில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சுப் பலகை, ஒலியியல் எல்லாம் கிடைக்கும்.

மகள் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். பழைய கணினியே போதுமா?

64 பிட் இல்லாமல் காலம் தள்ள முடியாது. மேட்லேப் 2015-ஆம் ஆண்டுப் பதிப்போடும், ஆட்டோகேட் 2019 பதிப்போடும் 32 பிட்டை விட்டுவிட்டன. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் 64 பிட்தான் கேட்கும், கூடவே குறைந்தது 8 ஜிபி ராம். அந்த நிலையில் பழைய போர்டுக்குச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன். கல்லூரி திறந்து துறையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் புதிதாகவே வாங்குங்கள்.

அடுத்து 128 பிட் வருமா? அதுவரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். வீட்டிலிருக்கும் 64 பிட் பிராசசர்கள் பெரும்பாலும் கதவு எண்ணுக்கு 48 பிட்டைத்தான் பயன்படுத்துகின்றன. அதுவே 256 டெராபைட் தெரு. உங்கள் வீட்டில் 8 ஜிபி இருக்கிறது.

உங்களிடம் வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

சிபியு மட்டும் போதும், மானிட்டரைத் தூக்கி வந்து முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மடிக்கணினி என்றால் சார்ஜர். பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன் எல்லாவற்றின் அடியிலும் மாடல் எண் ஒட்டியிருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வாருங்கள். டிரைவர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவைக் கழற்றுவேன். பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவர் சொல்லாமலே திருப்பதிக்குப் போய்விட்டார். போனும் எடுக்கவில்லை. மூன்று நாள் அவர் கணினி என் மேஜையில் பூட்டிய வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது.